வெள்ளைத் தாளில் வெள்ளை நாய்

லீவில் வரும் ராணுவக்காரருக்கு வீட்டில் எதையாவது திருத்தியே ஆகவேண்டும். விஜயபாண்டி இந்த முறை கை வைத்தது மகளின் டிராயிங் கிளாஸில். "கணக்குல ஒரு வரி தப்பினா நோட்டையே கிழிச்சிட்டு அழுவுதா. இவளுக்குப் படம் ஒரு கேடா? நிப்பாட்டிட்டு அபாகஸ்ல சேர்த்துவிடு" என்று மனைவி மாரிக்கனியிடம் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஓவியப் போட்டி. அதைப் பாத்துட்டுப் பொறவு நிப்பாட்டுங்க" என்றாள் அவள்.

மறுநாள் ராஜபாளையத்தில் பஸ் ஏறி மூவரும் போனார்கள். தலைப்பு, 'எங்க ஊர்ப் பெருமை'. எட்டு வயது கார்த்திகா யோசிக்கவே இல்லை. ராஜபாளையத்துக்குப் பெருமை நாய். நாயோ பால் வெள்ளை. எடுத்தாள் வெள்ளை கிரேயானை. வெள்ளைத் தாளில் அரை மணி நேரம் அழுத்தி அழுத்தி வரைந்தாள்.

பெற்றோருக்குக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் நின்ற விஜயபாண்டிக்குத் தெரிந்தது ரோஸ் நிற மூக்கு ஒன்றுதான். பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஏட்டி, நாய் எங்கட்டி?" என்று கேட்க, வரிசையே சிரித்தது. அவருக்கு மானம் கப்பலேறியது. இப்போது தாளைக் கிழிப்பாள், இதோ அழுவாள் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு எக்கி எக்கிப் பார்த்தார்.

கார்த்திகா கிழிக்கவில்லை. தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நீல வாட்டர் கலரைத் துளி தொட்டு ஓரத்தில் இழுத்தாள். கிரேயான் மெழுகு பட்ட இடத்தில் நீலம் ஒட்டாமல் விலகி ஓட, பளிச்சென்று வெளியே வந்தது ஒரு வால்! அவளுக்கு வந்ததே ஒரு சிரிப்பு! பெரிய பிரஷ்ஷை முக்கி ஓர் இழுப்பு, முதுகு. இன்னோர் இழுப்பு, காது. கடைசியில் நீலத்துக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நாலு காலில் நின்றது நாய்.

"ஏலே, நாய் வந்துருச்சுலே!" என்று கத்தியபடி விஜயபாண்டி கயிற்றைத் தாண்டிக் குதித்தார். நாட்டின் எல்லையைக் காக்கிற மனிதரை, எல்லை தாண்டியதற்காக அமைப்பாளர்கள் வெளியே அனுப்பினார்கள்.

பரிசு கோபுரம் வரைந்த பிள்ளைக்குப் போனது. திரும்பும் பஸ்ஸில் அவர் மகளைப் பயந்து பயந்து பார்த்தார். "பரிசு வரலியேன்னு வருத்தமாம்மா?"

"காது செத்த நீளமாப் போச்சுப்பா. வீட்டுக்குப் போயி இன்னொரு தடவ வரையணும்."

விஜயபாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அபாகஸ்ல எப்பச் சேக்கணும்?" என்றாள் மாரிக்கனி, ஜன்னலைப் பார்த்தபடி.

"நீ செத்த சும்மா இரு. ஏம்மா, டிராயிங் கிளாஸ் வாரத்துல எத்தன நாளு?"

"ரெண்டு நாளுப்பா."

"அம்புட்டுத்தானா? ரெண்டு நாளு எப்படிக் காணும்? உங்க சாரைப் பாத்துட்டே வீட்டுக்குப் போவோம்."