தங்கைக்கு ஒரு பிணைக் கையெழுத்து

எதை வாங்கினாலும் அது நாளைக்கு என்ன விலைக்குப் போகும் என்று முதலில் பார்ப்பது இத்ரூஸின் பழக்கம். தம்புள்ளைச் சந்தையில் மொத்த மரக்கறிக் கடை வைத்திருப்பவனுக்கு அது இல்லாமல் முடியாது. தங்கை ஹமீமாவின் படிப்பையும் அவன் அப்படித்தான் பார்த்தான். கண்டியில் ஒரு தனியார் கல்லூரியில் எழுத்துத்துறைப் பட்டம். மூன்று வருடம், பதினொரு லட்சம் ரூபாய். வங்கி கடன் தரும், ஆனால் பிணைக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வாப்பா மௌத்தான பிறகு வீட்டில் அதற்கு அவன் ஒருவன்தான் இருந்தான்.

"எழுதுறதுக்கும் ஒரு படிப்பா?" என்று கேட்டான்.

"லீக்ஸ் விக்க நீங்க வாப்பாக்கிட்ட பழகல்லையா நானா?" என்று அண்ணனைத் திருப்பிக் கேட்டாள் அவள். மாத்தளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு, கிடைத்த நேரத்தில் எல்லாம் கதை எழுதிக்கொண்டிருந்தவள்.

"சரி. அதைப் படிச்ச ஒராள்கிட்ட கேட்டுட்டு வாரேன். என்ன சம்பாதிக்கிறாங்க, கடன் என்ன ஆச்சுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

வேண்டாம் என்ற பதில் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு ஓர் ஆதாரம்தான் தேவைப்பட்டது.

இரத்தோட்டைப் பக்கமிருந்து லொறியில் சந்தைக்குப் போஞ்சிக்காய் கொண்டுவரும் பழனிமுத்து அப்படி ஓர் ஆளைச் சொன்னார். அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் ஜோசப்பின் அதே பட்டத்தைக் கடனெடுத்துப் படித்தவளாம். இத்ரூஸ் கடையை ஆளிடம் விட்டுவிட்டு ஒரு புதன்கிழமை பஸ் ஏறினான்.

இரத்தோட்டை டவுனில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அவள் வேலை செய்யும் அறை. முப்பது வயதிருக்கும். சுவரில் ஒரு மாதா படம், மேசையில் பழைய லெப்டொப். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மறைக்க ஒண்ணுமில்ல நானா. படிச்சு முடிச்சதும் கொழும்புல ஒரு பத்திரிகையில வேல கெடச்சுச்சு. முப்பத்தெட்டாயிரம் சம்பளம். கடனுக்கு மாசம் பதினேழாயிரம் போயிரும். மிச்சத்துல ரூம் வாடகை, சாப்பாடு. ஒன்றரை வருஷம் இழுத்துப் பாத்தேன், முடியல. ஊருக்கே வந்துட்டேன்."

"இப்ப எப்படி மிஸ்?"

"இங்கருந்தே கேக்கிறவங்களுக்கு எழுதிக் குடுக்கிறேன், சில மாசம் தொண்ணூறாயிரம் வரும், சில மாசம் நாப்பதுதான். கடன் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. என்கூட ஸ்கூல்ல படிச்ச பிள்ளை ஒண்ணு நர்ஸா இருக்கா. என்னை விட அவளுக்குத்தான் சம்பளம் கூட. கடனும் இல்ல."

இதைவிட நல்ல ஆதாரம் இத்ரூஸுக்குக் கிடைக்கப்போவதில்லை. எழும்பலாம் என்று பார்த்தபோது அவளுக்குத் தொலைபேசி வந்தது. டெங்கு அறிவித்தல் ஒன்று, திரீவீல் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகப் போட வேண்டியது, உடனே வேண்டுமாம். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள். சிங்களத்திலிருந்து யாரோ மொழிபெயர்த்து அனுப்பியிருந்ததை உரக்க வாசித்தாள்.

"நுளம்புகள் பெருக்கமடையும் இடங்களைத் துப்புரவு செய்தல் சகலரதும் கடமையாகும் என்பதை இத்தால் அறியத்தருகிறோம்."

பிறகு அதை அப்படியே அழித்தாள். எழுதினாள், வாசித்தாள், மறுபடி அழித்தாள். கீழே டயர் கடைக்காரன் சுத்தியலால் அடிக்கத் தொடங்கியதும், எழும்பிப் போய் யன்னலை அகலத் திறந்துவிட்டாள்.

"சத்தமா இருக்கே" என்றான் இத்ரூஸ்.

"சத்தம் வேணும். ரோட்டுல இது சத்தத்துக்குள்ளதான கேக்கப் போகுது. முதல் சொல்லு எப்பவும் சத்தத்துல போயிரும் நானா. முக்கியமானதை அங்க வைக்கக் கூடாது."

இத்ரூஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். சின்ன வயதிலிருந்து லொறிச் சத்தத்துக்கு நடுவே விலை கூவியவன் அவன். அது அவன் தொண்டைக்குப் பழக்கம். அதை ஒருவர் வார்த்தையில் சொல்லி அவன் கேட்டதில்லை.

கடைசியில் அவள் வாசித்தாள். "அம்மா, ஐயா, வீட்டைச் சுத்திப் பாருங்க. பழைய டயர்ல தண்ணி நிக்குதா? சிரட்டையில நிக்குதா? இன்னைக்கே கவுத்துக் கொட்டுங்க. அந்தத் தண்ணியிலதான் டெங்கு நுளம்பு முட்டை போடுது."

சுத்தியல் சத்தத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. தன் கடைக்குப் பின்னால் கிடக்கும் இரண்டு டயர்கள் இத்ரூஸுக்கு ஞாபகம் வந்தன.

"இதுக்கு என்ன தருவாங்க மிஸ்?"

"நாலாயிரம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். படிக்கப் போறதுக்கு முன்னாடியும் நான் எழுதுவேன் நானா. ஆனா எது சரி, எது சரியில்லன்னு பிரிக்கத் தெரியாது. அதுக்குத்தான் காசு குடுத்தேன். கொஞ்சம் கூடத்தான் குடுத்தேன்."

"திரும்ப ஒரு தரம்னா போவீங்களா?"

அவள் திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். "போவேன்" என்றாள். "ஆனா முழுக் கடன் எடுக்க மாட்டேன். வேலை செஞ்சுக்கிட்டே சனி ஞாயிறு வகுப்புக்குப் போவேன். ஒரு வருஷம் கூடும். கூடட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான். சந்தையில் நல்ல தக்காளியை மேலே அடுக்கி, அழுகினதை அடியில் வைப்பவர்களைத் தினமும் பார்க்கிறவன் அவன். இந்தப் பெண் அழுகினதையெல்லாம் மேலே எடுத்து வைத்துவிட்டாள். அப்படியும் அவளிடம் இருந்த சரக்கின் மதிப்புக் குறையவில்லை.

வீட்டில் ஹமீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சம்பளம், கடன், நர்ஸ் பிள்ளை, டெங்கு அறிவித்தல், சனி ஞாயிறு வகுப்பு, ஒன்றையும் விடவில்லை. அவள் முகம் வாடியது. ஆனாலும், "அந்த அறிவித்தலை எப்படி எழுதினாங்க நானா?" என்று கேட்டாள். ஜோசப்பின் யன்னலைத் திறந்ததிலிருந்து அவன் தொடங்கினான். தானே அதை இவ்வளவு ஆசையாகச் சொல்கிறோம் என்பது பாதியில்தான் அவனுக்குப் புலப்பட்டது.

அடுத்த வாரமே அவள் முடிவுக்கு வந்தாள். மருந்துக்கடை வேலையை விடுவதில்லை. சனி ஞாயிறு வகுப்பு, நாலு வருடம். பாதிக்குத்தான் கடன்.

மாத்தளை வங்கியில் அந்த அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். "எழுத்துத்துறையா? இதுக்கு வருமானம் பெருசா இல்லையே. தங்கச்சி கட்டாட்டி உங்க கணக்குலதான் வெட்டுவோம்."

"வருமானம் எவ்வளவுன்னு தெரியும் சேர். கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றான் இத்ரூஸ். காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் ஹமீமா மெதுவாகச் சொன்னாள். "நானா, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றான் அவன். "வா, முதல்ல ஏதாவது சாப்பிடுவோம்."