பிறகு நினைவூட்டு

கணினி மறுபடியும் கல்லாய்ச் சமைந்தது. திறந்து சரியாக இரண்டு நிமிடம். மவுஸ் அம்பு மட்டும் திரையில் ஓடியது. எதை அழுத்தினாலும் அசைவில்லை.

அவன் மனைவிக்கு இதைக் கையாளத் தெரியும். புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறலாமா என்று மூன்று வருடமாகக் கணினி நச்சரித்தது. ஒவ்வொரு தடவையும் ‘பிறகு நினைவூட்டு’ என்பதைத் தட்டிவிடுவாள். அவள் போய் ஏழு மாதம். நேற்றுக் காலை அது கேட்டபோது அவன் சரி என்று தட்டினான். இடம் போதவில்லை, தற்காலிகக் கோப்புகளை அழிக்கவா என்றது. அதற்கும் சரி. இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொல்கிறான்.

மேஜைக்கடியில் மகள் உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது. முன்னால் தட்டு, ஆறிப்போன சாப்பாடு. அம்மாவின் குரல் கதை சொன்னால்தான் வாய் திறப்பாள். கடைசி மாதங்களில் அம்மா இதே மேஜையில் உட்கார்ந்து, நடுநடுவே இருமிக்கொண்டு, நாற்பத்தொரு கதைகளைப் பதிவு செய்து வைத்திருந்தாள். நேற்று மதியத்திலிருந்து ஒரு கதையும் ஓடவில்லை. குழந்தை வயிற்றில் வெறும் பால்தான்.

“அப்பா, சளி பிடிச்ச யானை?”

“வரும்டா.”

“நேத்தும் இதையேதான் சொன்ன.”

பத்து மணிக்கு மச்சினன் வந்தான், தோளில் பையோடு. மனைவியின் தம்பி. கணினி பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு.

“பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சா ஆஃப் பண்ணீங்க, அத்தான்?”

“பத்து தடவ இருக்கும்.”

“பத்தா! மனுஷனா இருந்தா எப்பவோ செத்துப்...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்தான். அரைமணி நேரம் ஓடியும் உறையவில்லை.

“டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. பழைய புரோகிராம் ஏதோ ஒண்ணு புதுசோட முட்டிக்குது.”

திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றிவிட்டுச் சாதாரணமாகத் திறந்தான். இரண்டாவது நிமிடம் உறைந்தது. வைரஸ் தடுப்பை நீக்கினான். அப்போதும் உறைந்தது.

“சரி, முதல்ல கதைகளை வெளிய எடுத்துடுவோம்” என்று மறுபடி சேஃப் மோடுக்குப் போய், பென் டிரைவைச் செருகி, ஃபோல்டரைத் திறந்தான். நாற்பத்தொரு பெயர்களும் வரிசையாக நின்றன. மச்சினன் திரைக்கருகே குனிந்தான். ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தான்.

“என்னடா?”

“பேரு இருக்கு அத்தான். உள்ள ஒண்ணுமில்ல. எல்லாமே பூஜ்யம்.”

அவன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். நேற்று எதை அழிக்கவா என்று கேட்டது? எதற்குச் சரி சொன்னோம்? அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். அந்த நொடியில் அது வரவில்லை. இருமல் மட்டும்தான் வந்தது.

“நான்தான் அழிச்சேன்.”

“கொஞ்சம் சும்மா இருங்க.” மச்சினன் கணினி தன் தவறுகளைக் குறித்து வைக்கும் பட்டியலை எடுத்தான். உறைந்த ஒவ்வொரு தடவையும் ஒரே வரி பதிவாகியிருந்தது: ‘மகாராணி’ பதிலளிக்கவில்லை, காத்திருக்கிறது.

அக்காவைத் தம்பி சீண்டும் பெயர் அது. அதையே அவள் தன் போனுக்கும் பெயராக வைத்திருந்தாள்.

“கம்ப்யூட்டர்ல இடமில்லைன்னு கதைகளை போன்ல வச்சிருக்கா. இங்க இருந்ததெல்லாம் நகல்தான். அதைத்தான் நீங்க அழிச்சீங்க. பழைய சிஸ்டம் போனைக் காணோம்னா விட்டுடும். புதுசு விடாது போல, வர்ற வரைக்கும் உக்காந்திருக்கு. போன் எங்க அத்தான்? யார்கிட்டயும் குடுத்துடலையே?”

கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவனே அணைத்து, அலமாரியில் அவள் துணிகளுக்கடியில் வைத்தது. அந்த அலமாரியை அதற்குப் பிறகு அவன் திறந்ததே இல்லை. இப்போது திறந்தான். துணி வாசனை முகத்தில் அறைந்தது. கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவி எடுத்தான்.

சார்ஜரில் போட்டான். ஒன்றும் தெரியவில்லை. ஐந்து நிமிடம். பத்து.

“செத்துடுச்சாடா?”

“ஏழு மாசப் பட்டினி அத்தான், உடனே எந்திரிக்குமா?”

மச்சினன் கணினியைச் சாதாரணமாகத் திறந்து வைத்தான். அவனோ பொறுக்கமாட்டாமல் யானைக் கதையின் மேல் தட்டினான். திரை உறைந்தது. மறுபடி தட்டினான். மறுபடியும்.

“எத்தனை தடவ தட்டுவீங்க? லிஃப்ட் பட்டனா அது?”

எட்டு தடவை தட்டியிருந்தான்.

போன் ஒளிர்ந்தது. பூட்டைத் திறக்கப் புள்ளிகளை இணைக்கச் சொன்னது. அவனிடம் அவள் அதைச் சொன்னதில்லை. ஆனால் பக்கத்தில் படுத்து அவள் விரல் போகும் வழியை ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். யோசித்தால் தப்பாகிவிடும் என்று பயந்து, யோசிக்காமல் இழுத்தான்.

திறந்தது. மேலே வைஃபை குறி வந்தது.

கணினி இருமியது.

அப்புறம் எட்டு ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தன. எட்டு குரல்கள், ஆளுக்கு அரை நொடி பின்தங்கி, ஒரே நேரத்தில் பேசின: “ஒரு ஊர்ல ஒரு யானைக்கு, ஒரு யானைக்கு, யானைக்கு...” மச்சினன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மேஜைக்கடியிலிருந்து தலை நீண்டது. “இத்தனை அம்மாவா?”

“எதையும் மூடாத. முதல்ல காப்பி பண்ணு” என்றான் அவன்.

பென் டிரைவுக்குள் கதைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஏழு. எட்டு. கீழே மகள் ஆறிய சாப்பாட்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பத்தொன்பதில் கையிலிருந்த போன் அதிர்ந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே நிறுவவா என்று கேட்டது.

அவன் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. வரிகளை ஒருமுறைக்கு இருமுறை படித்தான். பிறகு, மிக மெதுவாக, அவள் எப்போதும் தட்டும் இடத்தில் தட்டினான்.