உலை உப்பு

தேக்சா என்ற பெரிய சோற்றுப் பாத்திரத்தின் மூடிமேல் கிடந்த கங்குகளைத் தஹ்ஸீன் இடுக்கியால் எடுத்து வாளித் தண்ணீரில் போட்டாள். ஒவ்வொன்றும் உஸ்ஸென்று அணைந்தது. மையத்து கிடக்கும் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் அவள் மாமியார் ஷரபுன்னிசா. ஒரு மணி நேரத்துக்கு முன் இதே அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தவள். தஹ்ஸீன் தயிர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

தேக்சாவுக்குள் ஐந்து படி நெய்ச்சோறு. மாமனார் இறந்த நாளுக்கு வருஷா வருஷம் குடும்பத்துக்கே ஆக்குவது. அவர் பேரில் ஃபாத்திஹா ஓதி முடிக்கும்வரை யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. உலைத் தண்ணீரைக்கூட ருசி பார்க்கக்கூடாது. உப்பு கைக்கணக்குதான். அந்தக் கை எப்போதும் ஷரபுன்னிசாவுடையது. ஆறு வருஷமாகத் தஹ்ஸீனுக்கு வெங்காயமும் பாத்திரமும்தான்.

"ஜீயபுரத்துல வாழைத்தண்டுக்கு உப்புப் போட்டவ, நெய்ச்சோத்துக்குப் போடப் போறாளாம்" என்று மருமகளின் பிறந்த ஊரை இழுத்து மாமியார் எல்லார் நடுவிலும் சொல்லிச் சிரிப்பாள்.

இன்று காலை இடது கையை உதறிக்கொண்டே, "கை என்னமோ மாதிரி வருது. உப்பை நீயே போடு" என்றாள்.

தஹ்ஸீன் மூன்று கை அள்ளிப் போட்டாள். யோசித்து, இன்னும் அரைக் கை.

"சரியா மாமி?"

"ஓதி முடிக்கட்டும். சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

சாப்பிட வரவேண்டியவர்கள் எல்லாரும் மையத்துக்கு வந்தார்கள். ஷரபுன்னிசாவின் தம்பி நஜிமுதீன் அடுக்களைக்கு வந்து அவசரமாக ஓதி முடித்தார்.

"மன்னார்புரத்து ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு அனுப்பிடுங்க."

"மாமி ஆக்கினதுதானே மாமா. எல்லாரும் ஒரு வாய்..."

"மையத்தை வச்சுக்கிட்டு விருந்தா?"

பக்கத்துத் தெரு ரஃபீக் லோடு ஆட்டோ எடுக்கப் போனான். அந்த இடைவெளியில் தஹ்ஸீன் கரண்டியோடு மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. சோறு குழையாமல் பருக்கை பருக்கையாக நின்றது. நாத்தனார் மஹ்ஜபீன் அழுது வீங்கிய முகத்தோடு வாசலில் நின்றாள்.

"உனக்கு இப்பப் பசியா?"

தஹ்ஸீன் மூடியைப் போட்டாள்.

தோஹாவிலிருந்து அவள் கணவன் சர்ஃபராஸ் கூப்பிட்டான். "நாளைக்குத்தான் டிக்கெட். இன்னைக்கு அஸர் தொழுகைக்கே எடுத்துருவாங்களா?"

"ம்."

"அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

"சாப்பாட்டைப் பத்தித்தான்."

"என்னைப் பத்தி ஒண்ணுமில்லையா?"

"இல்லங்க."

ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு லூர்துராணி தக்காளிச் சோறு கொண்டுவந்து வைத்தாள். உப்பு குறைவு. யாரும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

"அம்மா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கும்" என்றாள் மஹ்ஜபீன். யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள்.

இருட்டுவதற்கு முன் ரஃபீக் தேக்சாவைக் கொண்டுவந்து இறக்கினான்.

"சாப்பிட்டாங்களா?"

"ஒரு பருக்கை மிச்சமில்லக்கா."

"எப்படி இருந்துச்சாம்?"

"பசிச்ச பிள்ளைங்கக்கா. அதுங்க என்ன சொல்லும்?"

"நீ ஒரு வாய் சாப்பிட்டியா?"

"எனக்கு எங்கக்கா நேரம்? அடக்கத்துக்குக் கபுர்ஸ்தானுக்கு ஓடி வந்துட்டேன்."

அவன் போனதும் தஹ்ஸீன் மூடியைத் திறந்தாள். மரியாதைக்கு ஹாஸ்டல்காரர்களே தேய்த்துக் கழுவித் துடைத்து அனுப்பியிருந்தார்கள். அடியில் அவள் முகம் மங்கலாகத் தெரியும் அளவுக்குத் தேய்ப்பு.

விரலால் உள்விளிம்பைத் தடவி நாக்கில் வைத்தாள்.

சோப்பு.