இரண்டு கடிகார நிலையம்

அந்த ரயில் நிலையத்தைக் கட்டியது ஜென்மப் பகையாளிகளான இரண்டு கம்பெனிகள். முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு நிலையங்கள், நடுவில் ஒரு வீம்புச் சுவர். ரயில் மாற வேண்டிய பயணி வெளியே போய், தெருவைச் சுற்றி வந்து, மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும். பிறகு அரசு இரண்டையும் வாங்கிச் சுவரை உடைத்து, மேலே ஒரு பாலமும் கீழே ஒரு சுரங்கப்பாதையும் போட்டது. பக்கத்துக்கொன்றாக இருந்த பெரிய கடிகாரங்களை மட்டும் யாரும் தொடவில்லை. மேற்குக் கடிகாரம் நின்றுபோய் எத்தனையோ வருஷம். ஊழியர்கள் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர்களுக்குக் கடிகாரம் என்றாலே கிழக்குக் கடிகாரம்தான்.

இந்தப் பழக்கதோஷத்தில் மாட்டிக்கொண்டவள், அங்கே மைக்கில் அறிவிப்புச் சொல்பவள். முதல்முறையாகத் தனியே ரயிலேறி வரும் அம்மாவை, "கடிகாரத்துக்குக் கீழே நிக்கச் சொல்லு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். எந்தக் கடிகாரம் என்று சொல்லவே தோன்றவில்லை. அம்மாவுக்கோ காது சுத்தமாகக் கேட்காது, கைபேசியும் வைத்துக்கொள்வதில்லை.

"ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, அம்மா இனிமே தனியா வாசப்படி தாண்ட முடியாது" என்று அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிற ஆள்.

ரயில் வந்தது, கூட்டம் கலைந்தது. கிழக்குக் கடிகாரத்தின் கீழே அம்மா இல்லை. அம்மாவின் ரயில் நிற்பது மேற்கில் என்பது அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. சுரங்கப்பாதை வழியே ஓடினாள்.

"பச்சைச் சால்வை போட்ட அம்மாவா?" என்றார் அங்கிருந்த பேப்பர் கடைக்காரர். "ஓடாத கடிகாரத்துக்குக் கீழே மனுஷி நிப்பாளான்னு கேட்டுட்டு, இப்பதான் பாலம் ஏறினாங்க."

பாலமேறித் திரும்ப ஓடினாள். பாலத்திலும் இல்லை, கிழக்கிலும் இல்லை. இவள் மேலே ஓடும்போது அம்மா கீழே போயிருக்க வேண்டும். நேரே அறிவிப்பு அறைக்கு ஏறினாள். அங்கிருந்த நிலைய மேலாளர் அவள் முகத்தைப் பார்த்ததுமே மைக்கை நகர்த்திக் கொடுத்தார்.

"பயணிகள் கவனிக்கவும். எங்கம்மாவைக் காணோம். பச்சைச் சால்வை போட்டிருப்பாங்க. அவங்களுக்குக் காது கேக்காது, அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். பார்த்தீங்கன்னா கையைப் பிடிச்சு உக்கார வைங்க."

கொஞ்ச நேரத்தில் அறைத் தொலைபேசி அலற ஆரம்பித்தது. கிழக்கில் ஒரு பச்சைச் சால்வையை மடக்கிப் பிடித்திருந்தார்கள். அது ஒரு தாடிக்காரர். அடுத்துப் பேசியவர் துப்புரவுக்காரர்.

"பாலத்துல ஒரு அம்மா இருக்காங்க. நான்தான் உக்காந்துட்டேனே, கையை விடுங்கடான்னு திட்டுறாங்க."

"அதான் எங்கம்மா!"

பாலத்தின் நடுவே, பெஞ்சில், சுற்றிலும் ஒரு கூட்டத்தோடு அம்மா ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டிக்கொண்டு அழுதாள். அந்நேரம் பார்த்து அண்ணன் கைபேசியில் கூப்பிட்டான்.

"அம்மா வந்தாச்சுண்ணா. ஒரு சிக்கலும் இல்லை" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லி வைத்தாள்.

அம்மா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "ஏண்டி அழுறே? நடந்து நடந்து கால் விட்டுப்போய் இங்க நின்னேன். திடீர்னு அத்தனை பேரும் தலையைத் தூக்கி அந்த ஒலிபெருக்கியைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. என் பொண்ணுதான் பேசுறான்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் ஏன் நகரப்போறேன்?"