முப்பத்தொன்றாம் அறையில் இருந்தவள்

அன்று அந்த ஓவியக் கூடத்துக்குப் போனவர்கள்: ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷமாகப் பஞ்சையும் ஊசியையும் எண்ணிக்கொண்டிருப்பவர் ஒருவர். அவர் மனைவி, அதே ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷம் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்ட நர்ஸ். அவருடைய தங்கை, அந்த வெளிநாட்டு ஊரிலேயே ஒன்பது வருஷம் குடியிருந்தும் இந்தக் கட்டடத்தை பஸ் ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்தவள். அப்புறம், முப்பத்தொன்றாம் அறை வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற காவலர். அவர் கதைக்குள் வர இன்னும் நேரம் இருக்கிறது.

நர்ஸ் வந்தது ஒரே ஒரு படத்துக்காக. வார்டில் அவள் மேசைக்கு எதிர்ச் சுவரில் அதன் அச்சுப் பிரதி பதினோரு வருஷம் தொங்கியது. ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் விளக்கு. ஒரு கை மடியில் இருக்கும். இன்னொரு கை பிரேமின் ஓரத்தில் போய் முடிந்துவிடும். நாற்காலியின் கைப்பிடியில் போட்டிருக்கிறாள் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். வார்டே அல்லோலகல்லோலப்படும் நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால் இவள் ஒருத்தி மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. நர்ஸுக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமை என்றே சொல்லலாம்.

வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஐந்தரை மணிக்குத் தெர்மாமீட்டரை உதறியவள், உதறிக்கொண்டே நின்றாள். அடுத்த கட்டிலுக்குப் போகக் கால் வரவில்லை. அவ்வளவுதான். இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, ஊருக்குப் போய்த் திரும்பியதும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மேட்ரன் சொல்லியிருந்தாள். கணவர் அதற்குள் அரைச் சம்மதம் கொடுத்துவிட்டார். நர்ஸ் மட்டும், அசல் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது நாத்தனார் இருக்கும் ஊரின் பெயர். சும்மா இருப்பவளை நேரில் பார்த்துவிட்டால் தானும் சும்மா இருக்கத் தைரியம் வரும் என்பது அவள் கணக்கு. பார்த்தால் மனசு இளகி வார்டு ஞாபகம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

காலை பத்து மணிக்கு முதல் அறையில் நுழைந்தார்கள். நேராக முப்பத்தொன்றுக்குப் போய்விடலாம் என்றாள் நர்ஸ். ஸ்டோர்கீப்பர் கேட்கவில்லை. வந்ததே வந்தோம், வரிசையாகப் பார்ப்போம் என்றார். ஒவ்வொரு அறையிலும் இடது சுவரில் தொடங்கி, விரலால் எண்ணி, வலது சுவரில் முடித்தார். பன்னிரண்டாம் அறையில் ஒரு படம் இருந்த இடம் காலியாக இருந்தது. ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. மனிதர் பதறிப்போனார். வேறு கூடத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறார்கள் என்று தங்கை படித்துச் சொன்னாள். வாங்கினவன் கையெழுத்துப் போட்டானா என்று கேட்டார்.

தங்கை எந்த அறையிலும் முதலில் பெஞ்சைத்தான் தேடினாள். ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு ஒரு ராஜாவின் படத்தைக் காட்டினாள்.

"அண்ணி, இவரு எங்க பில்டிங் செகரட்டரி மாதிரியே இல்ல? லிஃப்ட் ரிப்பேர்னு போய்ச் சொன்னா இப்படித்தான் பார்ப்பாரு."

நர்ஸ் சிரித்தாள். அவசரம் என்று எதுவும் இல்லை. உயரமான ஜன்னல்களில் வெயில் மெதுவாக நகர்ந்தது. கீழே காபி குடித்தார்கள், ரொட்டி சாப்பிட்டார்கள். பகலில் தூக்கம் வராமல் நிற்பதே அவளுக்கு விடுமுறையாக இருந்தது.

பத்தொன்பதாம் அறையில் இருக்கும்போது வாசலில் இருந்த பலகையைத் தங்கை சாவகாசமாகப் படித்தாள். ஆள் குறைவால் முப்பதாம் அறைக்கு மேல் இன்று நான்கு மணிக்கே பூட்டிவிடுவார்களாம். மணி மூன்று ஐம்பது. நாளை காலை விமானம்.

ஸ்டோர்கீப்பர் எண்ணிக்கொண்டிருந்தார். நர்ஸ் அவரிடம் சொல்லக்கூட நிற்கவில்லை. ஓடாமல் ஓடும் வார்டு நடை அவளுக்குக் கைவந்தது. பன்னிரண்டு அறைகளை அப்படியே கடந்தாள்.

காவலர் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவில் கை வைத்திருந்தார். அவர் பாஷை அவளுக்குத் தெரியாது. ஐந்து நிமிஷம் என்று ஐந்து விரலைக் காட்டினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் காலைப் பார்த்தார். தடித்த மெத்தென்ற அடிப்பாகம் வைத்த ஷூ. அவர் போட்டிருந்ததும் அதே ரகம்தான், நாள் முழுக்க நிற்பவர்கள் வாங்குவது. ஒதுங்கி வழிவிட்டார்.

படம் அவள் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. ஜன்னல், விளக்கு, நாற்காலி, மடியில் ஒரு கை. இன்னொரு கை கைப்பிடியைத் தாண்டி நீண்டிருந்தது. அங்கே ஒரு கட்டில் இருந்தது. கட்டிலில் ஒரு கிழவர். அவள் விரல்கள் அவர் மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டிருந்தன. அருகே கிண்ணமும் பிழிந்து போட்ட துணியும். படத்து ஜன்னலில் விடியல் லேசாக வெளுத்திருந்தது.

மணி ஐந்தரை இருக்கும் என்று நர்ஸ் கணித்தாள். இவளுக்கும் ராத்திரி டூட்டி.

மற்ற இருவரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். தங்கையின் ஷூ அவள் கையில் இருந்தது. ஸ்டோர்கீப்பர் படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"வார்டு படத்துக்கு பிரேம் அந்த சைஸ்லதான் ஸ்டாக் இருந்துச்சு. ஓரத்தை மடிச்சு உள்ள தள்ளிட்டேன்."

"பதினோரு வருஷமா சொல்லலையே."

"வெறும் கட்டில்தானே. நம்ம ஆஸ்பத்திரியில இல்லாத கட்டிலான்னு மடிச்சுட்டேன்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது, ஏமாந்த எரிச்சலும் வந்தது. மறுபடி அந்தக் கையைப் பார்த்தாள். அவர் மடித்து மறைத்ததால்தான் இவள் இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறாள்.

"வரைஞ்ச நாள்லேர்ந்து இவ கையை எடுக்கல," என்றாள். "நான் எடுத்துட்டேன். நான் வரலைன்னு மேட்ரன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை அவர் முழங்கையைக் கிள்ளினாள். இந்த அறையை இன்னும் எண்ணவில்லை என்றார்.

"ஒண்ணுதான். வாங்க."

காவலர் சாவிக்கொத்தை லேசாகக் குலுக்கினார். அண்ணனும் தங்கையும் முன்னால் போனார்கள். நர்ஸ் கடைசியாக வெளியே வந்தாள். காவலர் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி, பூட்டை ஒரு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.