பதிமூன்றடி ஷெட்

திருவெறும்பூரில் நல்லுசாமி வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஓர் இடம் சும்மா கிடந்தது. சும்மா என்றால் வெறுமையாக இல்லை. ஓட்டை வாளி, பழைய டயர், மனைவி வீரம்மாளின் கறிவேப்பிலைச் செடி என்று வீட்டுக்குள் இடம் கிடைக்காத எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. அவற்றை அப்புறப்படுத்தி, மேலே தகடு போட்டு கார் ஷெட் ஆக்குவது என்று முடிவானபோது வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே சந்தோஷம். மேஸ்திரி ஜெகபர் அலி வந்து டேப்பை நீட்டி, அகலம் பதிமூன்றடி என்று சொன்னதும் அதில் ஒருவருடைய சந்தோஷம் போய்விட்டது.

போனது நல்லுசாமியுடையது. பதிமூன்று ஆகாது, பதினொன்றாக்கிவிடுங்கள் என்றார்.

சுவர்கள் இரண்டும் ஏற்கெனவே நிற்கும்போது பதிமூன்றைப் பதினொன்றாக்குவது எப்படி என்று ஜெகபர் அலி கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். வீடு கட்டும் எல்லோருக்கும் தெரியும். மனையடி சாஸ்திரப்படி சுவருக்குச் சுவர் உள்ளளவு பத்தடி நல்லது, பதினொன்று நல்லது. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரைக்கும் ஆகாது. பதினாறு, பதினேழு தாராளமாக வைக்கலாம். பதினெட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. தெரியாமல் ஆகாத அளவு வந்துவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது. சுவரை ஒட்டி உள்பக்கமாக ஒரு சிமென்ட் திண்டு கட்டிவிட்டால் அளவு குறைந்துவிடும். திண்டைப் பார்த்து சாஸ்திரம் ஏமாந்துபோகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நல்லுசாமி கேட்டதும் அப்படி ஒரு இரண்டடித் திண்டுதான்.

வேறு வீடாக இருந்தால் அன்றைக்கே திண்டு கட்டி முடிந்திருக்கும். சாதாரண காருக்குப் பதினோரு அடி தாராளம். ஆனால் அந்தக் காரை ஓட்டப்போவது இளவேனில். நல்லுசாமியின் ஒரே மகள். நான்கு வருஷத்துக்கு முன் தஞ்சாவூர் ரோட்டில், மழையில், முன்னால் போன லாரி திடீரென்று நிற்க, ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவள். இப்போது முப்பது வயது. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையாலேயே இயக்குவது போல மாற்றிய காரை ஓட்டப் பழகி, லைசென்சும் வாங்கிவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று போய்ச் சேர வேண்டும்.

கார் தெருவில் நின்றது. வாசலில் மூன்று படி. அவளை நல்லுசாமிதான் தூக்கிக்கொண்டுபோய் காரில் உட்கார வைக்க வேண்டும். அவருக்கு அறுபத்திமூன்று வயது. தூக்கி இறக்கிவிட்டு நிமிரும்போது இடுப்பில் கைவைத்துக்கொண்டுதான் நிமிர்வார். அதனால்தான் ஷெட். பக்கக் கதவிலிருந்து சாய்வாகத் தளம் இறக்கிவிட்டால், அவள் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து தானே ஏறிப் போய்விடலாம்.

அளவை அவளே கணக்குப் போட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் கதவை முழுசாகத் திறந்துவைத்து, நாற்காலியை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி, தெருவிலேயே சாக்பீஸால் கோடு போட்டாள். காருக்கு ஐந்தே முக்கால் அடி, அந்தப் பக்கம் ஒரு அடி, இந்தப் பக்கம் நாற்காலி திரும்ப ஐந்தரை அடி. சுவரில் உரசாமல் இருக்க இன்னும் கொஞ்சம். மொத்தம் பதிமூன்று. இருக்கிற இடமும் பதிமூன்று என்று தெரிந்தபோது துள்ளிக் குதிக்காத குறைதான்.

எனவே திண்டு என்ற பேச்சு வந்ததும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா காரணங்களை அடுக்கினார். திண்டின் மேல் கேஸ் சிலிண்டர் வைக்கலாம், பூந்தொட்டி வைக்கலாம், யாராவது வந்தால் உட்காரலாம். கார் ஷெட்டில் போய் யார் உட்காரப்போகிறார்கள் என்று வீரம்மாள் கேட்டாள். அவர் திண்டை மட்டும் விடுவதாக இல்லை.

"கார் நிக்கிறதுக்கு அது போதும்ப்பா. நான் ஏறுறதுக்கு எடம் வேணும்ல" என்றாள் இளவேனில்.

"ஏறுறப்ப நான் வந்து புடிச்சுக்குறேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் பேச்சில்லை. ஜெகபர் அலி வேறு வேலைகளை முடித்தார், சாய்தளம் போட்டார், தகட்டுக்குக் கம்பி நிறுத்தினார். திண்டுக்காக இறக்கிய செங்கல் மட்டும் ஓரமாக அடுக்கியபடி இருந்தது.

அந்த மூன்று நாளும் நல்லுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பிடிவாதக்காரர் இல்லை. சொல்லப்போனால் இந்தச் சாஸ்திரத்தை ஊரிலேயே அதிகம் கிண்டல் செய்தவர் அவர்தான். முப்பத்தைந்து வருஷம் பாய்லர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவர். ஆறு வருஷத்துக்கு முன் இந்த வீட்டைக் கட்டியபோது இதே ஜெகபர் அலி, ஹால் பதினெட்டடி வேண்டாம் சார், பதினேழு வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். நாங்கள் பாய்லர் செய்யும்போது மனையடி பார்த்தா செய்கிறோம் என்று சிரித்துவிட்டு, பதினெட்டேதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார் நல்லுசாமி. அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் வைத்தார்.

அந்த நாலு பேரில் ஒருவர்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பவே சொன்னாங்களாமே, பதினெட்டு ஆகாதுன்னு, என்றார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருப்பார் பாவம். அந்த ஒரு வார்த்தை நல்லுசாமிக்குள் போனதுதான், திரும்ப வெளியே வரவே இல்லை. மகள் காலைப் பறித்தது தன் வாய்க்கொழுப்புதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லி, அவளும் ஆமாம் என்றுவிட்டால் அப்புறம் எங்கே போவது? இத்தனை வருஷம் இரும்பை அளந்தே பிழைத்த மனுஷர், தன் வீட்டு ஹாலில் ஒருநாளும் டேப்பை வைத்ததில்லை. வைத்தால் பதினெட்டு என்று காட்டுமே.

நான்காம் நாள் காலை ஜெகபர் அலி திண்டுக்காகக் கலவை குழைத்தார். முதல் செங்கல்லை வைக்கும் நேரத்தில் இளவேனில் புதிதாகப் போட்ட சாய்தளத்தில் இறங்கி வந்து, திண்டு வரவேண்டிய இடத்திலேயே நாற்காலியை நிறுத்தி பிரேக்கைப் போட்டுக்கொண்டாள். கட்டுவதென்றால் என்னைச் சுற்றிக் கட்டுங்கள் என்றாள். வீரம்மாள் ஓடிவந்தாள். நல்லுசாமி முதலில் நகரச் சொன்னார், பிறகு கெஞ்சினார், பிறகு உடைந்துபோனார்.

"ஒரு தடவ பேச்சக் கேக்காம பதினெட்டடி ஹாலு வச்சேன். ஒன் காலு போச்சு. மறுபடியும் கேக்காம விட்டுட்டு நான் என்னத்தக் குடுக்கணும், சொல்லு" என்றார்.

வீரம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இளவேனில் அவரையே பார்த்தாள். அப்பா இப்படி ஒன்றை நான்கு வருஷமாக மனதில் வைத்திருக்கிறார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஜெகபர் அலியின் கையிலிருந்த கரணை மெதுவாகக் கலவைச் சட்டிக்குள் இறங்கியது.

"சார், கோச்சுக்காதீங்க. அந்த ஹாலு பதினெட்டு இல்ல."

நல்லுசாமிக்குக் காதில் விழுந்ததே தவிர அர்த்தமாகவில்லை. ஜெகபர் அலி தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். சுவர்களுக்கு நூல் பிடித்து அளவு குறித்த அன்றைக்கு சார் ஷிப்டுக்குப் போயிருந்தார். பதினெட்டுக்கு நூல் பிடிக்கக் கை வரவில்லை. தான் நம்புகிறோமா இல்லையா என்பது வேறு விஷயம்; கட்டின வீட்டில் ஒன்று ஆகிவிட்டால் மேஸ்திரி பெயர்தான் அடிபடும். அதோடு அவர் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனவே ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள சுவரை ஓரடி தள்ளிவிட்டார். ஹால் பதினேழு ஆயிற்று, பத்தடி அடுப்படி பதினொன்றாயிற்று. இரண்டுமே நல்ல கணக்கு. சொன்னால் இடிக்கச் சொல்வீர்கள் என்று சொல்லவில்லை என்றார்.

"அதான் அடுப்படி பெருசா இருந்துச்சா" என்றாள் வீரம்மாள். ஆறு வருஷமாக அதைத் தன் புருஷன் தனக்காகச் செய்தது என்று சொந்தபந்தம் பூராவும் சொல்லி வைத்திருந்தாள் அவள்.

நல்லுசாமி மேஸ்திரி கையிலிருந்து டேப்பை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று ஹாலுக்குள் போனார். இளவேனில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போய், டேப்பின் நுனியைச் சுவரோடு வைத்து அழுத்திப் பிடித்தாள். அவர் எதிர்ச்சுவர் வரை இழுத்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நடுவில் ஒருமுறை, ஜன்னலோரம் ஒருமுறை என்று மூன்று இடத்தில் அளந்தார். மூன்று இடத்திலும் பதினேழு அடி.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருஷமாக என்னை முட்டாளாக்கி வைத்திருந்தீர்களே பாய் என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததை முடிக்க முடியவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல விசும்பி விசும்பி அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதவர், மகளை முதன்முதலாக நாற்காலியில் உட்கார வைத்த அன்றைக்கும் அழாதவர். இப்போது வந்தது துக்கம் இல்லை. கழுத்தில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்டாற்போல இருந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

"நல்ல கணக்குலதான் இருந்திருக்கு. அப்பவும் நடந்திருக்கு" என்றார் கடைசியில்.

"மழ பெஞ்சுச்சு, லாரிக்காரன் பிரேக் போட்டான், நான் விழுந்தேன். அவ்வளவுதாம்ப்பா" என்றாள் இளவேனில்.

வாசலில் நின்ற ஜெகபர் அலிக்கு இதற்கு வேறொரு விளக்கம் தோன்றியிருக்க வேண்டும். பதினேழாக இருந்ததால்தான் உயிராவது தப்பியது என்று சொல்ல வாயைத் திறந்தார். வீரம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

நல்லுசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். திண்டு வேண்டாம், பதிமூன்றே இருக்கட்டும் என்றார். நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் சார் என்று மேஸ்திரி இழுத்தார். யோசித்தாயிற்று என்றார் நல்லுசாமி.

"இந்தத் தடவ ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் விட மாட்டேன் பாய். நானே அளந்து பாப்பேன்."

ஜெகபர் அலி சிரித்துவிட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். இறக்கிய செங்கல்லைத் திருப்பி அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சில் அன்றைய பொழுது போயிற்று. இரண்டு வாரத்தில் தகடும் போட்டு முடிந்தது.

பள்ளி திறக்கும் அன்று காலை ஏழு மணிக்கே இளவேனில் கிளம்பிவிட்டாள். காவிரிப் பாலத்தில் கூட்டம் சேருவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்றாள். யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று முந்தின நாளே சொல்லியிருந்ததால் நல்லுசாமி பக்கக் கதவோடு நின்றுகொண்டார். கை பரபரத்தது. பின்னால் கட்டிக்கொண்டார்.

சாய்தளத்தில் இறங்கி, காரைத் தாண்டிப் போய், ஒரே வீச்சில் நாற்காலியைத் திருப்பினாள். எங்கேயும் இடிக்கவில்லை. கதவை முழுக்கத் திறந்தாள். ஒரு கையை சீட்டில் ஊன்றி உடம்பை இழுத்து உள்ளே போட்டாள். பிறகு காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, மடக்கி, தன் மடி மேலாகவே இழுத்து அடுத்த சீட்டில் போட்டாள். கதவைச் சாத்தினாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நல்லுசாமிக்கு அதற்குள் சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

கண்ணாடியை இறக்கி அவரைக் கூப்பிட்டாள். அவர் போய் ஜன்னலில் குனிந்தார். மகள் முகம் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. பொட்டு வைத்து, தலை பின்னி, வேர்த்து, ஜெயித்த முகம்.

"இத்தன நாளா என்னையத் தூக்குறப்ப எம் மூஞ்சியவே பாக்க மாட்டீங்கப்பா நீங்க. நான் சுமையாப் போயிட்டேன், சலிச்சுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்காகத்தான் தனியாப் போவணும்னு இப்படி அடம் புடிச்சேன்."

நல்லுசாமி கையை உள்ளே நீட்டி அவள் தலையில் வைத்தார். பிறகு, நேரமாச்சு, தள்ளுங்க என்றாள்.

அவர் தள்ளி நின்றார். கார் பின்னால் போய், தெருவில் திரும்பி, தஞ்சாவூர் ரோட்டைப் பார்த்துக் கிளம்பியது.