அம்மிணிக்கு நல்ல இடம்

பரணங்கானத்து வீட்டில் நாய்க்கூடு இருந்தது. பெயின்ட் அடித்து, மேலே தகரம் போட்ட நல்ல கூடுதான். தொம்மிச்சன் அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "பகல் பூரா இதுக்குள்ளயா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்த இடமும் போயிற்று.

காரில் ஏறி உட்கார்ந்த டெல்னாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை அவள் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். அவள் போனதும் அப்பா தொம்மிச்சன் பாலா ஊரில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு எர்ணாகுளத்தில் மகனுடைய ஃப்ளாட்டுக்குப் போகிறார். அங்கே நாய் வளர்க்கக் கூடாது. அதற்குள் அம்மிணிக்கு ஒரு வீடு கிடைத்தாக வேண்டும். அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த அம்மிணியோ, இது யாருக்கு வந்த விருந்தோ என்று கொட்டாவி விட்டது.

"சாச்சா, இந்த ஜில்லாவுல நாய் இருக்கிற எல்லா வீட்லயும் கூடு இருக்கும்."

"கூடு இல்லாத வீடு ஒண்ணு இல்லாமலா போயிடும் மோளே?"

ஏற்றுமானூர்க்காரர் மிச்சம் மீதியைப் போட்டு வளர்ப்பேன் என்றார், அது குற்றம். பைக்கா என்ற ஊரில் வீட்டுக்காரர் வாசலில் நின்றே மனைவியை "எடீ" என்று அதட்டினார், அது பெருங்குற்றம். "பொண்டாட்டிய அதட்டறவன் நாய என்ன பண்ணுவான்?" என்று தொம்மிச்சன் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். டெல்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரப்பர் மரங்களை எத்தனை நேரம்தான் பார்ப்பது.

ஈராற்றுப்பேட்டை தாண்டி, லீலாம்மாவின் வீட்டில் கூடு இல்லை. ஒரு பசு இருந்தது. லீலாம்மா இருந்தாள். திண்ணமான பெண்பிள்ளை, வாயும் அப்படியே. அவள் கணவர் குரியாச்சன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். தொம்மிச்சன் உட்காரக்கூட இல்லை.

"குரியாச்சன் குடிப்பீங்களா?"

"கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம்" என்றார் அவர், திகைத்துப்போய்.

"கோவம் வருமா?"

"இவருக்கா?" லீலாம்மா சிரித்துவிட்டாள். "கொசு கடிச்சாக்கூட அதுங்கிட்ட மன்னிப்பு கேப்பாரு. ஏன் அண்ணாச்சி, பொண்ணையா குடுக்கப் போறீங்க? நாயைத்தானே!"

எல்லாரும் சிரித்தார்கள். டெல்னாவால் முடியவில்லை. அவளைக் கல்யாணம் பண்ணிக் கொடுக்கப் போன வீட்டில் இந்த மனிதர் என்ன கேட்டார் என்று அவளுக்குத் தெரியும். ரப்பர் எத்தனை ஏக்கர், மூத்த மகனா இளையவனா, அவ்வளவுதான். அச்சப்பம் தின்று, காப்பி குடித்து, வீட்டுக்கு வந்து "நல்ல இடம்" என்று சொல்லிவிட்டார். அந்த நல்ல இடத்திலிருந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போன் செய்தபோது, "கொஞ்சம் அனுசரிச்சுப் போ மோளே, எல்லாம் சரியாயிடும்" என்றார். பிறகு அவளாகவே ஒரு பையோடும், சமையலறை வாசலில் அவளுக்குத் துணை கிடந்த இந்த நாய்க்குட்டியோடும் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். வந்தவளிடம் அவர் எதையும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அம்மிணி பசுவை மோந்து பார்த்தது. பசு ஒரு மூச்சு விட்டது. அம்மிணி பயந்து பின்வாங்கி, மறுபடி மோந்து, தொழுவத்து வாசலிலேயே படுத்துவிட்டது. இனி பேச என்ன இருக்கிறது? டெல்னா சங்கிலியைக் கழற்றி லீலாம்மாவிடம் கொடுத்தாள்.

"ஒண்ணு மட்டும்" என்றார் தொம்மிச்சன்.

"இன்னும் என்ன சாச்சா!"

அவர் லீலாம்மாவைத்தான் பார்த்தார். "இவளுக்கு இங்க ஒத்துவரலேன்னா வச்சுக்காதீங்க. எந்நேரமானாலும் ஒரு போன் போடுங்க. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

"மகன் ஃப்ளாட்டுல நாய் கூடாதுன்னீங்களே?"

"அது என் பாடு. இப்பவே ஒரு தடவை போடுங்க, நம்பர் சரியான்னு பாத்துக்கலாம்."

லீலாம்மா சிரித்துக்கொண்டே போட்டாள். அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. அடித்த மாத்திரத்தில் எடுத்து, இரண்டடி தள்ளி நின்றவளிடம், "ஆங், சொல்லுங்க. இதோ கெளம்பிட்டேன்" என்றார்.

டெல்னா விறுவிறுவென்று நடந்து வந்து காரின் முன்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். அன்றைக்கு அவளிடம் வராத வார்த்தை ஒரு நாய்க்கு வருகிறது. நாய்க்கு!

தொம்மிச்சன் வண்டியை எடுத்தார். பின்சீட்டு விரிப்பு முழுக்க அம்மிணியின் செம்பட்டை முடி ஒட்டிக் கிடந்தது. அவர் கண்ணாடியில் அதைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார்.

டெல்னா தன் போனை எடுத்து அவருடைய நம்பரைப் போட்டாள்.

சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். திரையில் 'மோள்' என்று வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்காமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டபடி ஒதுங்கிப் போனது.

அவர் போனைக் காதில் வைத்தார்.

"சொல்லு மோளே" என்றார்.

டெல்னா கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தபடி, போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.